கட்டுமானப் பொருள் சோதனையும் மின்வழிச் சான்றளிப்பும்: பிள்ளைச்சாவடிக் கடற்கரைச் சூழலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கட்டுமானப் பொருள்களின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை, அண்மைக் காலத்தில் தாளிலிருந்து மின்வழிப் பதிவுக்கு மாறிவருகிறது. இம்மாற்றம் சான்றிதழைப் போலியாக்குவதைக் கடினமாக்கியுள்ளது. ஆயினும் சான்றிதழுக்கும் கட்டடத்தில் உண்மையில் இடம்பெறும் பொருளுக்கும் இடையிலான தொடர்பை அது எந்த அளவு உறுதிசெய்கிறது என்னும் வினாவைப் புதுச்சேரியின் வடகடற்கரைச் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கற்காரை, முறுக்குக் கம்பி, ஏற்பளிப்பு, தடமறிதல், குளோரைடு அரிப்பு.

களம்

புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்கு அருகே அமைந்த மீனவ ஊர் பிள்ளைச்சாவடி. 1980களின் நடுவில் இங்குத் தொடங்கப்பெற்ற பொறியியல் கல்லூரி, 2020இல் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதே 1980களில் நகரின் தெற்கே துறைமுகத்திற்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. அதன் விளைவான கடலரிப்பில் இவ்வூர் வீடுகளை இழந்துள்ளது. பொறியியல் கற்பிக்கும் நிறுவனமும் கடலுக்கு இரையாகும் வீடும் ஒரே ஊரில் இருப்பது, பொருள் சோதனை குறித்த வினாவை ஏட்டுப் பொருளாக மட்டும் நிற்கவிடுவதில்லை.

அலை தொடாத வீட்டையும் உப்புக்காற்று விடுவதில்லை. கற்காரையின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உருவாக்குகிறது. கற்காரையின் நுண்துளைகள் வழியே ஊடுருவும் குளோரைடு அப்படலத்தைக் குலைக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கோருவதால் கற்காரை வெடித்து உதிர்கிறது. இதனைக் கருதியே ஐ.எஸ். 456:2000 கடற்கரைச் சூழலைக் ‘கடுமையான’ வகையிலும், கடல்நீர்த் திவலை படும் பரப்பை ‘மிகக் கடுமையான’ வகையிலும் வைக்கிறது. முன்னதற்குக் குறைந்தது எம்30 தரக் கற்காரையும் கம்பிக்கு 45 மி.மீ. மேலுறையும், பின்னதற்கு எம்35 தரமும் 50 மி.மீ. மேலுறையும் வேண்டும் என்பது அதன் விதி.

சான்றளிப்பு அமைப்பு

1947இல் தோன்றிய இந்தியத் தர நிறுவனம் 1987இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக (பி.ஐ.எஸ்.) மாற்றம் பெற்றது. பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வழங்குவது இவ்வமைவனம். சோதனை ஆய்வகத்தின் தகுதியை ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி மதிப்பிட்டு ஏற்பளிப்பது, 1988இல் தொடங்கப்பெற்ற என்.ஏ.பி.எல். வாரியம். ஒன்று பொருளுக்கும் மற்றொன்று பொருளைச் சோதிப்போர்க்கும் அளிக்கப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் பிழை ஒப்பந்த ஆவணங்களிலேயே காணக்கிடைக்கிறது.

மின்வழி மாற்றம் இரண்டு நிலைகளிலும் நிகழ்ந்துள்ளது. முத்திரையின் கீழுள்ள உரிம எண்ணைப் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டு உரிமம் நடப்பில் உள்ளதா என எவரும் அறியலாம். ஏற்பளிப்புப் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை, ஆய்வகச் சான்று எண், ஆண்டு, வரிசை எண் ஆகியன அடங்கிய தனித்த அறிக்கை எண்ணைத் தாங்குகிறது. பல ஆய்வகங்கள் கியூ.ஆர். குறியீட்டையும் சேர்க்கின்றன. அமுக்கச் சோதனைப் பொறியின் அளவீடு மனிதக் கை படாமல் கணினியில் பதிவாகும் ஏற்பாடும் பரவிவருகிறது. 17025 தரத்தின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, திருத்தப்பட்ட தரவோடு மூலத்தரவையும் காக்க வேண்டும் என்கிறது. அழிப்பானுக்கு இடமில்லை.

எண் எதனோடு பிணைக்கப்படுகிறது?

பொன் நகையோடு ஒப்பிடின் சிக்கல் தெளிவாகும். 2021 முதல் ஹால்மார்க் நகைகளில் ஆறு எழுத்தெண் கொண்ட தனித்த அடையாளம் பொறிக்கப்படுகிறது. எண்ணும் பொருளும் அங்கே பிரியாதவை. கற்காரையில் நிலை வேறு. சோதிக்கப்படுவது 150 மி.மீ. கனசதுரம், 28ஆம் நாள் அது நொறுக்கப்படுகிறது. எம்30 தரமெனின் 22,500 சதுர மி.மீ. பரப்பில் ஏறத்தாழ 675 கிலோநியூட்டன் சுமையை அது தாங்க வேண்டும். தாங்கிற்று என்று அறிக்கை கூறுவது அக்கட்டியைப் பற்றி மட்டுமே. அக்கட்டி, தளத்தில் கொட்டப்பட்ட அதே கலவையிலிருந்து வார்க்கப்பட்டதா, தனியே சிமெண்ட் கூட்டிக் குழைத்த கலவையா என்பதை ஆய்வகம் அறியாது. மாதிரியை ஆய்வகமே எடுக்காதவிடத்து, முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கே உரியன என அறிக்கையில் குறிக்குமாறு 17025 தரமே பணிக்கிறது. கியூ.ஆர். குறியீட்டை நாடும் கண் இந்த ஒரு வரியை நாடுவதில்லை.

முறுக்குக் கம்பியில் தடமறிதல் வேறோர் இடத்தில் அறுபடுகிறது. ஐ.எஸ். 1786 தரத்தின்படி ஒவ்வொரு கம்பிக்கட்டிலும் வார்ப்பு எண், தரம், விட்டம் குறித்த அட்டை இருத்தல் வேண்டும். ஆலைச் சோதனைச் சான்றிதழையும் கம்பியையும் இணைப்பது இவ்வார்ப்பு எண்ணே. சில்லறைக் கடையில் கட்டு அவிழ்க்கப்படும்போது அட்டை உதிர்கிறது; வீடு கட்டுவோர் பத்து, இருபது கம்பிகளாக வாங்கிச் செல்கின்றனர். கம்பியின் மேல் எஞ்சுவது வணிகப் பெயரும் முத்திரையுமே. பழைய இரும்பைத் தூண்டல் உலையில் உருக்கும்போது பாஸ்பரசு, கந்தகம் ஆகியவற்றை நீக்குவது கடினமாதலால், வார்ப்புக்கு வார்ப்பு வேதியியல் கூறுகள் மாறக்கூடும். எனவே வார்ப்பு எண்ணின் இழப்பு சிறிதன்று. (12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோகிராம் எடை கொள்ளும்; 12 மீட்டர் நீளக் கம்பி ஏறத்தாழ 10.66 கிலோ. தராசு ஒன்றே போதும் இச்சோதனையைக் கடைகளில் செய்துபார்ப்போர் மிகச் சிலரே.)

இக்குறைபாட்டைச் சிறு கடைகளின் ஒழுங்கின்மையாக மட்டும் காண்பது பொருந்தாது. 2017 அக்டோபரில் ஜப்பானின் கோபே ஸ்டீல் நிறுவனம், அலுமினியம், செம்புப் பொருள்களின் சோதனைத் தரவுகள் மாற்றப்பட்டன என ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 500 நிறுவனங்கள் அப்பொருள்களைப் பெற்றிருந்தன. அங்குச் சான்றிதழ்கள் போலியானவை அல்ல; முறையாக வழங்கப்பட்ட சான்றிதழ்களின் உள்ளிருந்த எண்களே பொய்.

தரவின் இயல்பான சிதறல்

மின்வழிப் பதிவின் உண்மைப் பயன், சான்றிதழைச் சரிபார்ப்பதைவிட, தொடர்ச்சியான தரவை ஒருசேர நோக்குவதில் உள்ளது எனலாம். முன்தரவு இல்லாதபோது எம்30 கற்காரைக்கு நியமவிலக்கம் 5 நியூட்டன்/ச.மி.மீ. எனக் கொள்ளுமாறு ஐ.எஸ். 456 கூறுகிறது. அதன்படி கலவையின் இலக்குச் சராசரி 30 + (1.65 × 5) = 38.25. நேர்மையான தளத்தில் முடிவுகள் இச்சராசரியின் இருமருங்கும் சிதறிக் கிடக்கும்; சில நேரங்களில் 30க்குக் கீழும் செல்லும். நூறு முடிவுகளும் 38க்கும் 39க்கும் இடையே ஒழுங்காக அமையுமாயின், அவ்வொழுங்கே ஐயத்திற்குரியது. தாள் கோப்புகளில் புதைந்திருந்த இவ்வையத்தைக் கணினிப் பதிவில் சில நிமிடங்களில் எழுப்ப இயலும். ஆயினும் அறிக்கைகள் ‘செல்லுபடியானவையா’ என்று சரிபார்க்கப்படும் அளவிற்கு அவற்றின் சிதறல் ஆராயப்படுவதில்லை.

வலிமையும் நீடிப்பும்

கடற்கரையைப் பொறுத்தவரை இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. கனசதுரச் சோதனை அளப்பது அமுக்க வலிமை. கடல் தாக்குவது கற்காரையின் ஊடுருவு தன்மையையும் மேலுறையின் தடிமனையும். கவர் கட்டை சரிந்து மேலுறை 20 மி.மீ. ஆன தூணுக்கும் அறிக்கை 38 என்றே சொல்லும். 60 வோல்ட் மின்னழுத்தத்தில் ஆறு மணி நேரம் கடக்கும் மின்னூட்டத்தைக் கூலும்களில் அளக்கும் விரைவுக் குளோரைடு ஊடுருவல் சோதனை, கற்காரையின் எதிர்ப்பாற்றலைச் சுட்டும்: 1,000க்குக் கீழ் மிகக் குறைந்த ஊடுருவல், 4,000க்கு மேல் மிகுந்த ஊடுருவல். மேலுறையைக் கட்டடத்தைச் சிதைக்காமலே மின்காந்தக் கருவியால் அளக்கலாம். இவை பெருந்திட்டங்களில் கோரப்படுகின்றன. வீடுகளுக்கு அரிதினும் அரிது. 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடற்சூழலில் உலோக அரிப்பை மண்டபம் கடற்கரையில் நெடுங்கால வெளிப்பாட்டின் வழி ஆய்ந்துவந்துள்ளது. கடல் ஆண்டுக்கணக்கில் நடத்தும் அச்சோதனையின் இடத்தில் 28 நாள் எண்ணை வைத்துப் பார்க்கும் பழக்கம், அறிக்கை மின்வழிக்கு மாறியதால் மாறிவிடவில்லை.

தொடர்பை மீட்கும் வழிகள்

வார்க்கும் பொழுதிலேயே கனசதுரத்தில் கியூ.ஆர். அல்லது வானொலி அலை அடையாளச் சில்லைப் பதித்து, இடம், நேரம், சாட்சியின் பெயர் ஆகியவற்றைப் பதியும் முறை தொழில்நுட்பத்தால் எளிது. ஆனால் சாட்சி யாருடைய ஊதியத்தில் இருக்கிறார் என்பதைச் சில்லு தீர்மானிப்பதில்லை. மாதிரியெடுப்பவரை ஒப்பந்ததாரர் அனுப்பும் வரை பதிவின் நேர்மை அவருடைய நேர்மையே. மாதிரியெடுப்பையும் ஆய்வகத்தின் ஏற்பளிப்பு வரம்பிற்குள் கொணர்வதும், ஐயமுள்ளவிடத்துக் கட்டடத்திலிருந்தே உருளை மாதிரி எடுப்பதும் இதனினும் பயனுள்ளவை. உருளைகளின் சராசரி குறித்த வலிமையில் 85 விழுக்காட்டிற்கும், தனி உருளை 75 விழுக்காட்டிற்கும் குறையலாகாது என்பது ஐ.எஸ். 456 தரும் அளவுகோல். கட்டடத்திலிருந்தே அறுத்தெடுப்பதால் அம்மாதிரியை மாற்றிவைப்பது எளிதன்று.

செலவை யார் ஏற்பது என்பது எஞ்சுகிறது. 1,000 சதுர அடியும் 125 மி.மீ. தடிப்பும் உள்ள வீட்டுத் தளத்திற்கு ஏறத்தாழ 11.6 கனமீட்டர் கற்காரை வேண்டும். விதிப்படி அதற்கு இரண்டு மாதிரிகள், ஆறு கனசதுரங்கள். பெரிய ஒப்பந்தங்களில் கட்டணம் திட்டச் செலவில் கரைந்துவிடுகிறது. கொத்தனாரின் வாய்மொழி மதிப்பீட்டில் கட்டப்படும் கடலோர வீட்டில் அந்த ஆறு கட்டிகளை வார்க்குமாறு கேட்பவர் எவருமில்லை. அவ்வீட்டைப் பொறுத்தவரை போலிச் சான்றிதழ் என்னும் சிக்கலே எழுவதில்லை, சான்றிதழே இல்லாமையால்.