கியா பார்ம் ஈரமும் காரில் பிடிக்கும் துருவும்: வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

கேமரன் மலை, கியா பார்ம் வட்டாரத்தில் காரின் மேல் விழும் சின்னக் கீறலைக்கூட அலட்சியமாக விடக்கூடாது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர் இது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்யும். மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் இறங்கி வண்டியை நனைத்துவிடும். கடற்காற்று இல்லாத மலையில் துரு எப்படி வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. இரும்புக்கு ஈரமும் காற்றும் போதும். உர மூட்டையும் கோழி எருவும் ஏற்றும் வண்டி என்றால், அந்த உப்புகள் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை இன்னும் விரைவுபடுத்தும்.

கீறலைச் சுற்றிச் சாயம் கொப்புளம்போல் எழும்பியிருந்தால், வெளியில் தெரிவதைவிட உள்ளே துரு பரவியிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே மேலாகச் சாயத்தைத் தொட்டு வைப்பதில் பயனில்லை. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, 180 எண் உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். பிறகு 400, 600 எண் தாள்களால் ஓரங்களைச் சரிவாக்க வேண்டும். பழைய வண்டிகளின் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். முகக்கவசம் அணிந்து, தாளை நனைத்துத் தேய்ப்பதே பாதுகாப்பு.

குழிகளில் எஞ்சும் துருவுக்குத் துரு மாற்றும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். அது துருவோடு சேர்ந்து கறுப்புப் படலமாகிறது. தேயிலைச் சாறு பட்ட இரும்புக் கத்தி கறுப்பதும் ஏறத்தாழ இதே வேலைதான். அதற்காகத் தேநீரைக் காய்ச்சி ஊற்றினால் கார் தேறாது!

கோலாலம்பூரில் செய்வதுபோல் இங்கே மாலையில் சாயம் அடிக்க முடியாது. சாயத்தின் கரைப்பான் ஆவியாகும்போது உலோகம் மேலும் குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, சாயம் பால்போல் வெளுத்துவிடும். காலை ஈரம் நன்றாகக் காய்ந்து, பிற்பகல் மழைக்கு முன் கிடைக்கும் சில மணி நேரமே வாய்ப்பு. பிரைமர் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. அதை மட்டும் அடித்துவிட்டு வண்டியை இரவெல்லாம் பனியில் விட்டால் செய்த வேலை வீண். பிரைமர், நிறச்சாயம், கிளியர் மூன்றையும் மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய விட்டு, இயன்றவரை அதே நாளில் முடிப்பது நல்லது. சரியான நிறத்துக்கு, வண்டியின் தகட்டில் உள்ள சாய எண்ணைக் கடைக்காரரிடம் காட்டலாம்.

இம்மலையின் அடையாளமான பழைய லேண்ட் ரோவர்களின் கதை வேறு. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடு இருந்ததால், 1948இல் வந்த முதல் வண்டியின் உடல் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. இதனால் ‘லேண்ட் ரோவர் துருப்பிடிக்காது’ என்ற பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. சேஸிஸும் முன் தடுப்புச் சுவரும் எஃகு. எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியிருக்கும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கப்படும். காந்தம் ஒட்டாத தகட்டில் இரும்புக் கம்பி பிரஷ் போடாமல், அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் அடிக்க வேண்டும். சேஸிஸில் துரு தென்பட்டால் சாயம் பூசி மறைக்கவே கூடாது. கோஸ் மூட்டைகளோடு மலைச்சாலையில் இறங்கும் வண்டி அது. பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக் டிரிம் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். டிரிம் பாலிஷ்களில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். அது சாயம் பூசும் இடத்தில் துளி பட்டாலும் மீன்கண்போல் குழிகள் விழும். சிலர் டீசல் தடவுகிறார்கள். இரண்டு நாள் பளபளக்கும், பிறகு தூசி அப்பும், அருகிலுள்ள ரப்பரும் ஊதிவிடும். பிரஷ்ஷால் கழுவி, முழுதும் காய்ந்தபின் பாலிஷைப் பஞ்சில் மெல்லியதாகத் தேய்ப்பதே போதும்.

அப்படியே கதவுகளின் அடியிலுள்ள நீர்த்துளைகளையும் பார்த்துவிடலாம். தோட்டத்து மண் அவற்றை அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஒரு மெல்லிய குச்சியால் குத்தி மண்ணை எடுத்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும்.