மரவேலியின் அடிப்பகுதியைப் பேணுதல்

வீட்டைச் சுற்றியுள்ள மரவேலி சாயத் தொடங்கியதும், பலகைகளுக்குப் புது வர்ணம் பூசி ஆணிகளை மாற்றுவதோடு நின்றுவிடுவோர் பலர். கேடு பெரும்பாலும் வேலிக்கால் மண்ணைத் தொடும் இடத்தில் தொடங்குகிறது.

மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சணங்களுக்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். மரத்தின் ஈரம், அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்திற்குக் குறைவாயின் அவை வளர்வதில்லை. ஆகவே வெயில் படும் மேற்பகுதி நெடுநாள் நிலைக்கிறது. ஆழத்தில் ஈரம் இருப்பினும் காற்று போதாது. தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் அளவிலோ இரண்டும் நிறைவாகக் கிடைக்கின்றன. கறையானும் அவ்வழியே ஏறுகிறது.

எனவே, மழைக்காலம் முடிந்தபின் ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் 15 செ.மீ. ஆழத்திற்கு மண்ணை அகற்றி, கூரிய கருவியால் குத்திப் பார்த்தல் வேண்டும். நல்ல மரம் முனையை எதிர்க்கும். கெட்ட மரத்தில் அது எளிதில் இறங்கும். வெளிப்புறம் உறுதியாகத் தோன்றி, உள்ளே பொள்ளலாக இருப்பதும் உண்டு. தட்டினால் எழும் ஓசையே அதைக் காட்டிவிடும்.

அடி இற்ற கம்பத்தை முழுவதும் எறிந்துவிட வேண்டியதில்லை. நல்ல மரம் தெரியும்வரை அறுத்து நீக்கி, அருகில் ஒரு குட்டையான கான்கிரீட் தூணை நட்டு, பழைய கம்பம் தரைக்குச் சற்று மேலே நிற்குமாறு துத்தநாகம் பூசிய போல்ட்டுகளால் பிணைக்கலாம். புதுக் கம்பம் நடுவதாயின், குழியின் அடியில் சரளைக்கல் இடுக, நீர் வடியும். கம்பத்தின் தலையைச் சரிவாகச் சீவுவதும் நன்று.

தேக்கு, சால் ஆகியவற்றின் வைரப்பகுதி இயல்பாகவே நிலைக்கும். இளம் யூகலிப்டஸ் கழிகளில் பெரும்பகுதி வெளிறே. பதனிடாமல் நட்டால் விரைவில் கெடும். இத்தகைய மரங்களுக்கான ‘ஆஸ்கு’ என்னும் கரைசலை டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933-ஆம் ஆண்டில் எஸ். காமேசன் உருவாக்கினார். அதிலுள்ள தாமிரம் பூஞ்சணத்தையும், ஆர்சனிக் பூச்சிகளையும் தடுக்கின்றன. குரோமியம் இவ்விரண்டையும் மழைநீர் எளிதில் கரைத்துச் செல்லாதபடி மரத்தோடு பிணைக்கிறது. தூரிகையால் பூசும் மருந்து ஆழமாக இறங்காது; அழுத்தக் கலத்தில் செலுத்தினால்தான் முழுப்பயன் உண்டு. போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசல் தீங்கு குறைந்தது. ஆயினும் ஈரமண்ணில் கரைந்துவிடுமாதலால் நடும் பகுதிக்கு உதவாது.

ஆர்சனிக் கொடிய நஞ்சு. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களில் பெரும்பாலானவற்றிற்கு இம்முறை 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிடப்பட்டது. இவ்வாறு பதனிட்ட பழங்கம்பங்களின் துண்டுகளை அடுப்பிலோ குளிர்காயும் நெருப்பிலோ இடலாகாது. நஞ்சின் பெரும்பகுதி சாம்பலில் தங்கும். அத்தகைய சாம்பலை நக்கிக் கால்நடைகள் மடிந்துள்ளன. மரத்தின் பச்சை நிறம் வெயிலில் வெளுத்துவிட்டதனால் நஞ்சும் நீங்கியதெனக் கொள்ளலாகாது.