பழைய ஆம்ப் வாங்கப் போகிறீர்களா? இயற்பியலையும் கூட அழைத்துச் செல்லுங்கள்!

மின்கிட்டார் கையில் கிடைத்த பிறகுதான் பலருக்கு ஓர் உண்மை தெரிய வரும். அதைத் தனியாக மீட்டினால் ஒலி பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. தந்திகள் அதிரும்போது, அவற்றின் கீழே உள்ள காந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அதைப் பெருக்கி ஒலியாக மாற்றுவதற்கு ஆம்ப் வேண்டும். புதியது வாங்கக் காசு போதாவிட்டால் மாணவர்கள் பழைய பொருள் கடைகளைத் தேடிப் போவது வழக்கம். அங்கே சேமிப்பும் வீணாகாமல், உயிருக்கும் ஆபத்து வராமல் காப்பது நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியல்தான்.

முதலில் கண்ணால் படியுங்கள்

ஆம்ப்பின் பின்புறத்தில் மின்னழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருள்களை விற்கும் கடைகள் மலேசியாவில் பல உள்ளன. அங்குள்ள ஆம்ப்பில் 100 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் கவனம் தேவை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட்.

மின்தடை மாறாத ஒரு கருவிக்கு மின்னழுத்தத்தை 2.3 மடங்கு உயர்த்தினால், அது இழுக்கும் திறன் 2.3 × 2.3, அதாவது ஏறக்குறைய 5.3 மடங்காகும். ஆம்ப்பின் உள்ளே இருக்கும் மின்மாற்றியின் நிலை இன்னும் மோசம். அதன் இரும்பு உள்ளகம் தாங்கக்கூடிய காந்தப்புல அளவு கடந்துவிடுவதால், மின்னோட்டம் திடீரென எகிறும். ஃபியூஸ் எரிந்து போனால் தப்பித்தோம். இல்லையேல் மின்மாற்றியே கருகிவிடும்.

பிளக்கில் மாட்டும் சாதாரண அடாப்டர் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. 230 வோல்ட்டை 100 வோல்ட்டாகக் குறைக்க இறக்கு மின்மாற்றி வேண்டும். ஆம்ப் இழுக்கும் திறனைவிட அதிகத் திறனைத் தாங்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஆம்ப்பின் விலையோடு அதன் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகு, மலிவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்து பிளக்கைப் பாருங்கள். நம் மூன்று முனைப் பிளக்கில் நீளமான முனை புவி இணைப்புக்கு உரியது. கிட்டாரின் தந்திகள் பொதுவாகக் கேபிள் வழியாக ஆம்ப்பின் உலோக உடலோடு இணைந்திருக்கும். புவி இணைப்பு அறுந்த ஆம்ப்பில் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால், உங்கள் விரல் தொடும் தந்தியிலேயே மின்சாரம் பாயக்கூடும். கம்பி உரிந்திருந்தாலோ புவி முனை வெட்டப்பட்டிருந்தாலோ அதை மின்சாரத்தில் செருகவே வேண்டாம்.

பிறகு காதால் கேளுங்கள்

இவை சரியாக இருந்தால், ஒலியளவைப் பூஜ்யத்தில் வைத்து ஆம்ப்பை முடுக்குங்கள். பிறகு கிட்டாரை இணைத்து, ஒலியளவை மெல்லக் கூட்டுங்கள்.

“ம்ம்ம்” என்ற தொடர் இரைச்சல் கேட்கிறதா? கேபிளை ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குறை கிட்டாரிலோ கேபிளிலோ இருக்கிறது. கிட்டாரின் சுருள், சுற்றியுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தையும் பிடித்துக்கொள்ளும். கிட்டாரோடு வேறு திசையில் திரும்பி நின்றால் இந்த இரைச்சல் கூடும் அல்லது குறையும்.

கேபிளைக் கழற்றிய பிறகும் இரைச்சல் உரக்கத் தொடர்ந்தால், கிட்டாரின் தடித்த தந்தியை மூன்றாம் கட்டத்தில் அழுத்தி, ஆம்ப் இல்லாமல் மீட்டிப் பாருங்கள். அந்தச் சுரத்தின் அதிர்வெண் 98 ஹெர்ட்ஸ். இரைச்சலும் ஏறக்குறைய அதே சுரத்தில் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ் இரைச்சல். மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கும்போது 50 ஹெர்ட்ஸ் அலை 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கமாகிறது. அதைச் சமன்படுத்துவது மின்தேக்கிகளின் வேலை. பல ஆண்டுகளில் அவை உள்ளே உலர்ந்து வலுவிழக்கின்றன. அவற்றை மாற்றச் செலவாகும்.

குமிழைத் திருகும்போது மட்டும் கரகரவென்று கேட்டால் பெரும்பாலும் தூசுதான். இது சிறிய குறை. இதைக் காட்டியே விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம்.

எத்தனை வாட் தேவை?

100 வாட் ஆம்ப் 10 வாட் ஆம்ப்பைவிடப் பத்து மடங்கு உரக்க ஒலிக்காது. திறன் பத்து மடங்கானால் ஒலி 10 டெசிபல் உயரும். நம் காதுக்கு அது ஏறக்குறைய இரு மடங்காகத்தான் தோன்றும். அடுக்குமாடி வீட்டில் பயிற்சி செய்ய 5 அல்லது 10 வாட்டே தாராளம். காதணிபேசி இணைக்கும் துளை இருந்தால் அண்டை வீட்டாரும் மகிழ்வார்கள்.

எந்தக் குறை இருந்தாலும் ஆம்ப்பைத் திறக்காதீர்கள். வால்வு வகை ஆம்ப்பின் மின்தேக்கிகளில், பிளக்கைக் கழற்றிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கக்கூடும். அது பழுதுபார்ப்பவரின் வேலை.

கரகரப்பு என்றால் பேரம் பேசுங்கள். உரத்த இரைச்சல் என்றால் பழுதுபார்க்கும் செலவைக் கணக்கிடுங்கள். கருகிய வாடை வந்தாலோ, கடைக்காரர் முடுக்கிக் காட்ட மறுத்தாலோ, பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். வேறொரு ஆம்ப் கிடைக்காமல் போகாது.