மண்ணில்லாத முற்றத் தோட்டம்

புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தோரும் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோரும் பணிக்குத் திரும்பும் வேளையில் கேட்கும் வினாக்களுள் ஒன்று: “அலுவலகத்தில் செடிகள் இருக்கின்றன, அவற்றின் அருகே அமரலாமா?” அமரலாம். ஆனால் அச்செடிகள் எவ்வாறு வளர்க்கப்படுகின்றன என்பதை அறிந்துகொள்வது நல்லது.

பசுமை நோயாளிக்கு நன்மை தரும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரை ஒப்பிட்டு, ராஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் 1984-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். வலுவான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

எனினும், செடிகள் அறையின் காற்றைத் தூய்மையாக்கும் என்ற நம்பிக்கை மிகையானது. இயல்பான காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமெனில், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டும் என 2019-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. செடி மனத்துக்கு இதம் தரும். மூச்சுக்குத் திறந்த சன்னலே துணை.

தொட்டிச் செடிகளில் கவலைக்குரியவை இரண்டு. ஈர மண்ணில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வளரும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரின் நுரையீரலை அது தாக்கக்கூடும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

ஆகவே அலுவலக முற்றத்துக்குக் காற்றுச் செடிகள் ஏற்றவை. டில்லாண்ட்சியா எனப்படும் இவை அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த அன்னாசிக் குடும்பத்தவை. இலைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்களால் நீரை உறிஞ்சுவதால் இவற்றுக்கு மண் வேண்டியதில்லை. மரத்தைப் பற்றி வளர்ந்தாலும், புல்லுருவியைப்போல் அதன் சாற்றை உண்பதில்லை.

காலை வெயில் படும் சுவரில் மரச்சட்டத்தையோ கம்பி வலையையோ பொருத்தி, நைலான் நூலால் செடிகளைக் கட்டலாம். செம்புக் கம்பி கூடாது. செம்பு இச்செடிகளுக்கு நஞ்சு. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, தலைகீழாகப் பிடித்து உதறி, நான்கு மணி நேரத்துக்குள் உலரும்படி காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைவிட மழைநீர் சிறந்தது. அடிப்பகுதி கருத்து அழுகிய செடியை உடனே அகற்றிவிட வேண்டும்.

அழகுக்காக நீரூற்றோ பனிப்புகை தெளிக்கும் கருவியோ வைப்பதைத் தவிர்க்கவும். சரிவரப் பராமரிக்கப்படாத நீரிலிருந்து எழும் நுண்துளிகள் வழியே, கடும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி பரவக்கூடும். அன்னாசிக் குடும்பத்திலேயே, இலைகளின் நடுவில் கிண்ணம்போல் நீர் தேக்கும் வகைகளும் உள்ளன. அவற்றிலும் கொசு வளரும் என்பதால் அவற்றையும் தவிர்க்கலாம்.

வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் நோயாளிகள் மண்ணைக் கிளறுவதோ அழுகிய இலைகளைக் கையாள்வதோ கூடாது. அப்பணியைச் சக ஊழியரிடம் விட்டுவிடுங்கள். அத்தடை எப்போது நீங்கும் என்பதை அடுத்த பரிசோதனையின்போது உங்கள் மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.