சிங்கப்பூர்ப் பயணம்: வாடகை வீடா, ஹோட்டலா?

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலுள்ள உறவினரைக் காணக் குடும்பத்தோடு புறப்பட எண்ணியிருக்கிறீர்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான உம்மா என ஐந்து பேர். உறவினர் வீடோ சிறியது. அவர்களுக்குச் சிரமம் கொடுக்க மனமில்லை. இந்நிலையில் இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது: சமையலறையுடன் முழு வீடு, நான்கு நாட்களுக்கு, இரண்டு ஹோட்டல் அறைகளைவிடக் குறைந்த வாடகையில்! உம்மாவுக்கு உப்புக் குறைத்துச் சமைக்கலாம், பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சலாம் என்று மகிழ்வது இயல்பே. ஆனால் முன்பணம் அனுப்புமுன் சற்றுச் சிந்தியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் தனியார் வீடுகளைக் குறைந்தது தொடர்ச்சியாக 3 மாதங்களுக்கே வாடகைக்கு விடலாம். 2017-க்கு முன் இது 6 மாதங்களாக இருந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு இன்றும் 6 மாதமே குறைந்த அளவு. சுற்றுலாப் பயணிகளுக்கு அவற்றை வாடகைக்கு விடவே கூடாது. மீறுவோருக்கு 2 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் விதிக்கலாம். 2018-ஆம் ஆண்டு இருவருக்குத் தலா 60,000 டாலர் விதிக்கப்பட்டது.

"அபராதம் வீட்டுக்காரருக்குத்தானே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நள்ளிரவில் காவலாளி வாசலில் நிறுத்தினால், பெட்டிகளோடும் உம்மாவோடும் தெருவில் நிற்கப்போவது யார்? "யாராவது கேட்டால் என் நண்பர் என்று சொல்லிவிடுங்கள்" என வீட்டுக்காரர் சொன்னால், அதுவே போதுமான எச்சரிக்கை. பிள்ளைகளின் முன்னிலையில் பொய் சொல்லி உள்ளே நுழையும் வீடு எவ்வளவு மலிவாயினும் நமக்கு வேண்டாம்.

அப்படியானால் எது பொருத்தம்?

ஒரு வாரத்திற்குக் குறைவான பயணமென்றால் ஹோட்டலே சரி. ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம், குடும்ப அறையோ உட்கதவால் இணைந்த இரு அறைகளோ உண்டா, மின்தூக்கி இருக்கிறதா என்று முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சமையலறை இல்லையே என்ற கவலை வேண்டாம். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகங்கள் அங்கே ஏராளம். லிட்டில் இந்தியா பகுதியில் தங்கினால் டன்லப் தெருவிலுள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்கு நடந்தே தொழச் செல்லலாம்.

7 நாட்களோ அதற்கு மேலோ தங்குவதாயின், அரசு அனுமதி பெற்ற சர்வீஸ் அபார்ட்மெண்ட் நல்லது. சமையலறையும் கிடைக்கும், சட்டமும் மீறப்படாது.

உறவினர் வீட்டில் விருந்தினராகத் தங்குவது வேறு, அது வாடகையன்று. இடம் போதாவிட்டால், உம்மாவை மட்டும் அங்கே தங்கவைத்து, மற்றவர்கள் அருகிலேயே ஓர் அறை எடுக்கலாம். உறவும் மகிழும், செலவும் குறையும்.

வாடகையில் மிச்சமாகும் பணத்தைவிட, இரவில் அச்சமின்றி உறங்கும் நிம்மதியே பெரிது.