பத்துக்குப் பத்து வாங்கிய பள்ளியிலும் கேட்க வேண்டியவை

அமெரிக்காவில் வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் வீட்டுக்கு முன்பே பள்ளியைப் பார்த்துவிடுகிறார்கள். வீட்டு விளம்பரத்தின் அடியிலேயே அந்தப் பகுதிப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை என்று போட்டிருக்கும். எடிசனோ பிரிஸ்கோவோ ஆஷ்பர்னோ, எந்த ஊரானாலும் எண் குறைவென்றால் பலர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த எண் பெரும்பாலும் தேர்வு முடிவுகளிலிருந்து வருவது. பள்ளிக் கழிவறையில் கைமாறுவது என்ன என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் “நல்ல ஸ்கூல், அங்கே போதையெல்லாம் இருக்காது” என்ற நம்பிக்கையையும் சேர்த்துத்தான் வீட்டு விலையைக் கொடுக்கிறோம்.

இந்த நம்பிக்கை தவறு என்பது கால் நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. டெல்லியில் படித்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் சுனியா லூதர் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நகரத்து ஏழைப் பகுதி மாணவர்களையும் வசதியான புறநகர் மாணவர்களையும் ஒப்பிட்டதில் சிகரெட், மது, கஞ்சா, அதைவிடக் கடுமையான போதைப் பொருள்கள் என எல்லாவற்றிலும் புறநகர்ப் பிள்ளைகளே முன்னே நின்றார்கள். மதிப்பெண் அழுத்தமும் பெற்றோரோடு நெருக்கமின்மையும் இதில் பெரும்பங்கு வகிப்பதை அவரது பின்னாளைய ஆய்வுகள் காட்டின. நம் வீடுகளில் இவ்விரண்டும் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் நடத்திவரும் கணக்கெடுப்பின்படி, பதின்வயதினரின் போதைப் பழக்கம் 2021-ல் வெகுவாகக் குறைந்தது, பிறகும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் சாவு ஏறியது. 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களில் வாரத்துக்குச் சராசரியாக 22 பேரை 2022-ல் ஓவர்டோஸ் கொன்றது. காரணம் ஃபென்டனில் என்ற வீரியமிக்க போதைப் பொருள். இரண்டு மில்லிகிராம், அதாவது சில தூள் உப்புத் துகள் அளவு, உயிரை எடுக்கப் போதும். பெரும்பாலும் அது மாத்திரையில் கலந்து வருகிறது: வெளிர்நீல வட்ட மாத்திரை, ஒரு பக்கம் சதுரத்துக்குள் எம், மறுபக்கம் 30. அசல் வலி மாத்திரையைப் போலவே இருக்கும் போலி இது. ஸ்னாப்சாட்டில் ஆள் பிடித்து வீட்டு வாசலிலேயே தந்துவிட்டுப் போகிறார்கள். பழக்கமே இல்லாத பிள்ளை முதல் தடவையிலேயே இறந்துபோகலாம்.

வாஷிங்டனை ஒட்டிய லவுடன் கவுண்டி, குடும்ப வருமானத்தில் நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் இடம். தமிழ்க் குடும்பங்களும் நிறைய. அங்கே ஸ்டெர்லிங்கில் உள்ள பார்க் வியூ உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே 2023-ல் கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களில் ஒன்பது ஓவர்டோஸ் சம்பவங்கள் நடந்தன. சில பள்ளிக்குள்ளேயே நடந்தன. எங்களுக்கு ஏன் இவ்வளவு தாமதமாகச் சொன்னீர்கள் என்று பெற்றோர் கொதித்தார்கள். நவம்பர் 1 அன்று அந்த மாநிலத்தின் அப்போதைய ஆளுநர் கிளென் யங்கின் உத்தரவிட்டார்: பள்ளியோடு தொடர்புடைய ஓவர்டோஸ் நடந்தால் 24 மணி நேரத்துக்குள் பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும்.

ஆகவே பள்ளியைச் சுற்றிப்பார்க்கப் போகும்போது “இங்கே போதை உண்டா?” என்று கேட்டுப் பயனில்லை, இல்லை என்றுதான் பதில் வரும். சம்பவம் நடந்தால் எத்தனை மணி நேரத்தில் சொல்வீர்கள், எல்லாப் பெற்றோருக்குமா? ஓவர்டோஸை முறிக்கும் நார்கான் மருந்து நர்ஸ் அறையில் பூட்டிக் கிடக்கிறதா, ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறதா? பிடிபட்ட பிள்ளையை சஸ்பெண்ட் செய்வதோடு சரியா, ஆலோசகரிடமும் அனுப்புவீர்களா? இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் பள்ளியை நம்பலாம். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் போதைச் சம்பவங்களின் எண்ணிக்கையை ஆண்டுக்கு இருமுறை பொதுக்கூட்டத்தில் அறிவித்தாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். ஆனால் எண் குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். தேடாத பள்ளியிலும் மறைக்கிற பள்ளியிலும் எண் குறைவாகத்தான் இருக்கும்.

பிள்ளை மாட்டிக்கொண்டால்? நியூ ஜெர்சி பிஸ்கடவே பள்ளி மாணவி ஒருத்தியின் கைப்பையைச் சோதித்த வழக்கில், நியாயமான சந்தேகம் இருந்தாலே பள்ளி சோதனை போடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-ல் தீர்ப்பளித்தது. ஆனால் 13 வயதுச் சிறுமியின் ஆடையைக் களையவைத்துத் தேடியது அரசமைப்புக்கு விரோதம் என்று 2009-ல் அதே நீதிமன்றம் சொன்னது. பத்து நாளுக்குள்ளான சஸ்பென்ஷனுக்கும் காரணத்தைச் சொல்லி, பிள்ளையின் தரப்பைக் கேட்க வேண்டும்; இது 1975 தீர்ப்பு. பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். போலீஸ் விசாரித்தால், வழக்கறிஞர் வந்த பிறகு பேசுகிறேன் என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கும் உண்டு.

எச்-4 விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் குடும்பங்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கஞ்சா பல மாநிலங்களில் 21 வயதானவர்களுக்குச் சட்டபூர்வம். மத்திய அரசுச் சட்டத்தில் இன்னும் தடைசெய்யப்பட்டதுதான். குடியேற்ற அதிகாரி மத்தியச் சட்டத்தைத்தான் பார்ப்பார். சிறார் நீதிமன்ற முடிவு பொதுவாகக் குடியேற்றக் கணக்கில் தண்டனையாக எடுத்துக்கொள்ளப்படாது. ஆனால் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் போதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டாலோ, அதிகாரியிடம் “ஆமாம், வைத்திருந்தேன்” என்று சொன்னாலோ விசாவுக்கே சிக்கல் வரலாம். வழக்கைச் சீக்கிரம் முடிக்கிறோம் என்று எதிலும் கையெழுத்திடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். குற்ற வழக்கறிஞர் நாடுகடத்தும் ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

2023 முதல் நார்கான் மூக்கு ஸ்பிரே மருந்துச் சீட்டில்லாமலே கடையில் கிடைக்கிறது. நம் பிள்ளைக்கு எதற்கு என்று நினைக்காமல் ஒன்று வாங்கி வையுங்கள்; வீட்டுக்கு வரும் நண்பனுக்குத் தேவைப்படலாம். உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தொண்டையில் கரகரவென்று குறட்டைபோலச் சத்தம் வந்தால் அது தூக்கமல்ல. 911-ஐ அழைத்து, ஸ்பிரேயை ஒரு நாசியில் முழுதாக அழுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சீராகாவிட்டால் புது ஸ்பிரேயை மறு நாசியில் அழுத்துங்கள்.

2019 ஜூலை முதல் 2021 டிசம்பர் வரை ஓவர்டோஸில் இறந்த 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேரின் அருகில் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். பெரும்பாலும் அவர்கள் எதுவும் செய்யவில்லை. ஓவர்டோஸ் என்று புரியாமல் போயிருக்கலாம், மாட்டிக்கொள்வோம் என்று பயந்தும் இருக்கலாம். அந்தப் பயத்தைப் போக்கத்தான் நியூ ஜெர்சி 2013-ல் சட்டம் கொண்டுவந்தது: உயிரைக் காப்பாற்ற 911-ஐ அழைப்பவரைத் தன் உபயோகத்துக்குப் போதைப் பொருள் வைத்திருந்ததற்காகக் கைது செய்யக் கூடாது. இதேபோன்ற சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் உண்டு, விவரங்கள் மாறும். உங்கள் மாநிலத்தில் என்ன விதி என்று பார்த்து, அதைப் பிள்ளைக்கும் அவன் நண்பர்களுக்கும் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.