கடைவாய்ப்பல்லும் கைவிரல் மூட்டும்

முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் காலை நேரம்தான் கண்டம். விரல் கணுக்கள் வீங்கி, குழாயைத் திருகவோ தலையைப் பின்னவோ முடியாமல் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கை விறைத்துக் கிடக்கும். அப்படிப்பட்டவர்களில் சிலர், ஞானப்பல்லையோ வேரில் சீழ் வைத்த கடைவாய்ப்பல்லையோ அறுவைசிகிச்சை செய்து எடுத்த மறுநாள், தாடை வீங்கியிருக்கும்போதே காபி டம்ளரை ஒற்றைக் கையால் தூக்குவதுண்டு. பல் போனது, மூட்டு வலியும் போனது, ஆகவே இத்தனை நாள் படுத்தியது அந்தப் பல்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிடுவார்கள். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயமுறுத்தும் நம் ஊரில், பல் பிடுங்குவதற்கு இப்படி ஒரு நல்ல பெயர் கிடைப்பதே அபூர்வம். அந்த நிவாரணத்தை மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கான காரணத்தைத் தேடுபவர்கள் பிடுங்கிய பல்லைப் பார்ப்பதற்கு முன் பல் மருத்துவர் தந்த மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பல்லின் மேல் பழி போடுவது புதிதல்ல. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1801-இல் இடுப்பு மூட்டு வாதத்தால் அவதிப்பட்ட ஒரு பெண்ணின் சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொன்னார். வலி உடனே விட்டது என்று எழுதிவைத்தார். முடக்குவாதம் தனி நோயாகப் பிரித்தறியப்படத் தொடங்கிய காலம் அது. அந்தப் பெண்ணுக்கு இருந்தது எந்த வாதமோ! ஒரு நூற்றாண்டு கழித்து, லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1910-இல் மாண்ட்ரியலில் ஆற்றிய உரையில், அழுகிய பற்களின் மேல் தங்கத்தால் மூடி போடும் பல் வைத்தியத்தைக் கடுமையாகச் சாடினார். வாயில் ஒளிந்திருக்கும் கிருமி மூட்டையும் இதயத்தையும் குடலையும் கெடுக்கிறது என்ற கொள்கை அதன் பிறகு பற்றிக்கொண்டது. மூட்டு வலி என்று போனவர்கள் பல்லும் டான்சிலும் இல்லாமல் திரும்பினார்கள். நியூ ஜெர்சியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர் மனநோய்க்கே பல்லைப் பிடுங்கினார். அதோடு நிற்காமல் குடலையும் வெட்டினார், பலர் செத்தார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தவர், அந்தக் கொள்கையை நம்பியவர்களில் ஒருவரான ரஸல் செசில்தான். முடக்குவாத நோயாளிகள் 200 பேரைத் தொடர்ந்து கவனித்து, 1938-இல் ஆஞ்செவைனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, பல்லையும் டான்சிலையும் எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு மூட்டில் ஒரு பலனும் இல்லை. தான் நம்பியதைத் தானே சோதித்து மறுத்த அந்த நேர்மை மருத்துவ வரலாற்றில் அடிக்கடி கிடைப்பதில்லை.

பலன் இல்லையென்றால் இன்றைக்குச் சிலருக்கு மறுநாளே விரல் மடங்குவது எப்படி? ஞானப்பல்லை எடுக்கும்போது தாடை அதிகம் வீங்காமல் இருக்க, பல் அறுவை மருத்துவர்கள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகவோ மாத்திரையாகவோ தருவது பரவலான வழக்கம். பெரும்பாலும் 4 முதல் 8 மில்லிகிராம். கேட்பதற்குச் சின்ன அளவுதான். ஆனால் இது வீரியம் மிக்க ஸ்டீராய்டு. 8 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், ஏறக்குறைய 50 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமம். முடக்குவாதத்துக்கு மருத்துவர்கள் பிரெட்னிசொலோனை நாளொன்றுக்கு 5 அல்லது 10 மில்லிகிராம் என்றுதான் தயங்கித் தயங்கி எழுதுவார்கள். அதைப்போல் ஐந்து பத்து மடங்கு ஒரே வேளையில் உள்ளே போனால், தாடைக்காகக் கொடுத்ததாயிற்றே என்று அது விரலைத் தொடாமல் விடுமா? ஒரு டோஸின் செயல் ஒன்றரை நாளைத் தாண்டியும் நீடிக்கும். இதோடு வலிக்காக மூன்று வேளையும் சாப்பிடும் ஐபுபுரூபனும் மூட்டு அழற்சிக்குத் தரப்படும் மருந்துதான்.

எனக்கு ஸ்டீராய்டே போடவில்லை, ஆனாலும் வலி குறைந்ததே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதே கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு இருபது ஆண்டு நடந்தவர் ஒருவர் உண்டு. மினசோட்டா மாநிலம் ராச்செஸ்டரில் உள்ள மேயோ கிளினிக்கில் பணியாற்றிய பிலிப் ஹெஞ்ச், 1929-இல் 65 வயது மருத்துவர் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டு வலி மறைந்ததைக் கண்டார். கர்ப்பிணிகளுக்கும் அப்படி நடந்தது. மயக்க மருந்து கொடுத்து அறுவைசிகிச்சை செய்தவர்களுக்கும் சில நாள் வலி தணிந்தது. ஈரல்தான் காரணம் என்று அவர் அவசரப்பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பித்த உப்புகளைக் கொடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. இந்த மூன்று நிலைமைகளுக்கும் பொதுவாக உடலுக்குள் ஏதோ ஒரு பொருள் சுரக்கிறது என்று கருதித் தேடினார். அட்ரீனல் சுரப்பியிலிருந்து எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்திருந்த ஒரு பொருளை 1948 செப்டம்பரில் 29 வயதுப் பெண்ணுக்கு ஊசியாகப் போட்டபோது, நகரவே முடியாதிருந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். அதுதான் கார்ட்டிசோன், 1950-இல் கெண்டல், இன்னொரு ஆய்வாளரான ரைக்ஸ்டைன் இருவரோடு ஹெஞ்சுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அறுவை என்ற அதிர்ச்சிக்கு உடல் தன் சொந்த ஸ்டீராய்டைக் கூடுதலாகச் சுரக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டுப் பல் எடுப்பது உடலை அந்த அளவுக்கு உலுக்காது என்பதால், இதன் பங்கு சிறியதாகவே இருக்கும். போதாக்குறைக்கு, முடக்குவாதம் தானாகவே ஏறி இறங்கும் நோய். உச்சத்தில் இருக்கும்போது எதைச் செய்தாலும் அடுத்து வருவது பெரும்பாலும் இறக்கம்தான். அந்த வாரம் பல் எடுத்திருந்தால் பல்லுக்குப் பெயர், கோயிலுக்குப் போயிருந்தால் சாமிக்குப் பெயர்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் இருக்கிறது. ஈறு நோயை உண்டாக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற கிருமியிடம், புரதங்களில் உள்ள ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றும் நொதி ஒன்று உண்டு. அப்படி மாறிய புரதங்களை எதிரி என்று எண்ணி உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்தான், முடக்குவாதத்தை உறுதிசெய்ய ரத்தத்தில் தேடும் ஆன்டி-சிசிபி. மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டு முன்பே அது பலர் ரத்தத்தில் வந்துவிடுகிறது. ஈறுகளில் வாழும் இன்னொரு கிருமியின் நச்சு, வெள்ளணுக்களுக்குள்ளேயே இந்த மாற்றத்தைத் தூண்டுகிறது என்று 2016-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஈறு நோயும் சேர்ந்துள்ள முடக்குவாதக்காரர்களின் ரத்தத்தை வாராவாரம் சோதித்து, வாய்க் கிருமிகள் அதில் திரும்பத் திரும்பக் கசிவதை 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஆக, வாய்க்கும் மூட்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஹண்டர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்திருக்கிறது. ஆனாலும் நோயைத் தொடங்கிவைப்பது வேறு, நடத்திச்செல்வது வேறு. வதந்தியைக் கிளப்பியவன் ஊரைவிட்டே போனாலும் வதந்தி ஊருக்குள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எதிர்ப்பொருளை உண்டாக்கக் கற்றுக்கொண்ட உடல், கிருமி போன மறுநாளே அதை மறந்துவிடாது. சோதனைகளும் குழப்பமாகவே பேசுகின்றன. ஈறுகளைச் சுத்தம் செய்தபின் மூட்டு வீக்கம் ஓரளவு குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்ல, பிரான்சில் 22 பேரிடம் நடந்த எஸ்பெரா சோதனையில் மூன்று மாதத்தில் மூட்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இவ்வளவு சிறிய ஆய்வுகளை வைத்து எந்தப் பக்கமும் சத்தியம் செய்யக் கூடாது.

எனவே நாள்காட்டியைப் பார்ப்பதே நல்லது. மறுநாள் வந்து நாலைந்து நாளில் போய்விட்ட சுகம் மருந்துடையது. சீழ் வைத்த பல்லோ அழுகிய ஈறோ சரியான பிறகு, மாத்திரைகள் எல்லாம் நின்று, வாரக்கணக்கில் விறைப்பு குறைந்தே இருந்து, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பியும் இறங்கியிருந்தால் வாயின் பங்கு கொஞ்சம் இருந்திருக்கலாம். அப்போதும் சி.ஆர்.பி. எண்ணைக் கவனமாகத்தான் படிக்க வேண்டும்; பல் சீழே அதை ஏற்றியிருக்கும். ஈறு நோய்க்கு வைத்தியம் பார்ப்பது மூட்டுக்கு உதவாவிட்டாலும் பல்லுக்கு உதவும். நல்ல பல்லைப் பிடுங்குவது இரண்டுக்கும் உதவாது. வலி போய்விட்டதே என்று, முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைத் தானாக நிறுத்துவது இதில் பெரிய ஆபத்து. வலி இல்லாத காலத்திலும் அழற்சி உள்ளே எலும்பை அரிக்கக்கூடும். எலும்புத் தேய்மானத்துக்காக அலெண்ட்ரோனேட் மாத்திரையோ ஸோலெட்ரோனிக் அமில ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள், பல் எடுப்பதற்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அரிதாக, பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. அறுவை முடிந்து வரும்போது என்ன ஊசி, எத்தனை மில்லிகிராம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, அடுத்த முறை மூட்டு மருத்துவரிடம் போகும்போது அதை நீட்டினால் போதும். மறுநாள் விரல் மடங்கிய கதையில் பாதி அதிலேயே இருக்கும்.